மாமன் மடிக்கு மாற்று

மே 2, வியாழன்

இந்த டைரியை ஜனவரியில் கம்பெனியில் கொடுத்தார்கள். நான்கு மாதமாக டீ கிளாஸுக்கு அடியில்தான் கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தங்கை கோகிலா கொண்டுவந்த ஒரு டப்பா மைசூர்பாகு.

பாங்கில் அவளுக்குப் பதவி உயர்வு. கிளை மேலாளர். ஊர், கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைக் கிராமம். ஜூன் மூன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். வேண்டாம் என்றால் மே இருபத்தேழுக்குள் எழுதிக் கொடுக்கலாமாம், ஆனால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ தெரியாதாம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசே இல்லை. டப்பாவை நீட்டும்போதே முகம் பல்பு போட்ட மாதிரி இருந்தது.

சிக்கல் பூவிழி. கோகிலாவின் மகள், வயது இரண்டு ஆக இன்னும் இரண்டு மாதம். அவள் அப்பா தினகரன் கப்பல் எஞ்சினியர். இப்போது எந்தக் கடலில் இருக்கிறாரோ, அக்டோபரில்தான் வருவார். அதனால் தாயும் மகளும் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்கள், நான் கீழே. தினமும் காலையில் கோகிலா கார் ஓட்டுவாள். நான் முன்சீட்டில் பூவிழியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, என்னைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, அவள் பாங்குக்குப் போவாள். பூவிழி பிறந்ததிலிருந்து காரில் என் மடியைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. கார் சாவிச் சத்தம் கேட்டாலே "மாமா மதி" என்று ஓடிவருவாள். மடியைத்தான் அப்படிச் சொல்கிறாள்.

கோத்தகிரியில் வீடு ஒரு பக்கம், பாங்கும் காப்பகமும் இன்னொரு பக்கம். நடுவே வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை. காரில் அவளும் குழந்தையும் மட்டும்தான் போக வேண்டும். யார் மடியில் வைத்துக்கொள்வது?

"அதுக்குத்தான் கார் சீட்டுன்னு ஒண்ணு இருக்குதல்ல" என்றாள் கோகிலா. "காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரு நீதான செய்யோணும்? வளையல், செயினெல்லாம் வேண்டாண்ணா. நல்லதா ஒரு கார் சீட்டு வாங்கிக் குடு. இருவத்தாறாந் தேதி காதுகுத்து. அதுக்குள்ள பாப்பா அதுல உக்காந்து பழகிட்டா நான் போறேன். உக்காரலைன்னா மறுநாளே வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேன்."

"உக்காருவா, உக்காருவா" என்றேன். மைசூர்பாகு கொஞ்சம் கெட்டி.

மே 5, ஞாயிறு

நான் பம்ப்செட் கம்பெனியில் கியூ.சி. பார்ப்பவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு மோட்டாரும் கேட்டைத் தாண்டாது. அங்கே எனக்கு 'ரிஜெக்ட் சம்பத்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் சொந்த மருமகளுக்குச் சீட்டு வாங்கப் போகும்போது கலரைப் பார்த்தா வாங்குவான்? டேப், தடிமன் அளக்கிற வெர்னியர், ஒரு சின்னத் தராசு எல்லாம் பையில் எடுத்துக்கொண்டேன்.

பையைப் பார்த்துவிட்டு கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்புடித்தான் போனியா? அதான் நாப்பத்தோரு வயசாகியும் அப்படியே நிக்கற."

ஆர்.எஸ். புரத்தில் குழந்தைச் சாமான்களுக்கென்றே இரண்டு மாடிக் கடை. சுகன்யா என்ற பெண் எடுத்துக் காட்டினாள். பொறுமைசாலி. கோகிலா கேட்டது 'கன்வர்ட்டிபிள்' வகை. சின்ன வயதில் குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காரும், வளர்ந்த பிறகு அதே சீட்டை முன்பக்கமாகத் திருப்பிவைத்துக்கொள்ளலாம். திடீர் பிரேக் போட்டால் சின்னக் குழந்தையின் கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பாம்.

"இது பிரீமியம் மாடலுங்க சார். பக்கவாட்டுல இடிச்சாக்கூடத் தாங்குமுங்க. அப்படியே ராட்டினம் மாதிரி சுத்துமுங்க" என்று ஒன்றைச் சுற்றிக் காட்டினாள் சுகன்யா.

சுற்றும்போது 'கிர்க்' என்று ஒரு சத்தம். எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதில் தோள்பட்டை வார்த் தையல் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி. மூன்றாவதில் பூட்டை அமுக்க ரொம்ப பலம் வேண்டியிருந்தது. நான்காவதில் பூட்டை அமுக்க பலமே வேண்டியிருக்கவில்லை.

"சார், என்னதாங்க சரியில்ல? சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி எடுத்துப் போடுவனுங்க" என்றாள் சுகன்யா.

"பாத்துட்டே இருக்கேம்மா" என்றேன்.

பூவிழியை ஒன்றில் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று கோகிலா தூக்கினாள். குழந்தை விறைத்துக்கொண்டாள். இடுப்பு மடங்கினால்தானே உட்காரவைக்க முடியும்? பலகை மாதிரி நின்றுகொண்டு, கடையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல். நான் வாங்கிக்கொண்டதும் நிறுத்திவிட்டாள். திரும்பிவரும்போது என் மடியில் உட்கார்ந்து டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. வழியில் மூவரும் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம்.

மே 7, செவ்வாய்

இன்னொரு கடை. இன்னொரு சீட்டு. பக்கத்தில் பால் பாட்டில் வைக்கும் கிண்ணம் ஆடுகிறது. ரிஜெக்ட்.

மே 9, வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் எடுத்தது. காருக்குள் ஆள் மாதிரி ஒரு பொம்மை, அதன் மடியில் குழந்தை மாதிரி ஒரு பொம்மை. காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுகிறார்கள். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. பீளமேட்டில் நாங்கள் போகிற வேகம்தான். பெரிய பொம்மையின் கை அப்படியே இருக்கிறது. மடியில் இருந்தது மட்டும் இல்லை.

சோற்றை மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் காரில் பின்சீட்டில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, பூவிழியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "என்ன இன்னிக்கு முதலாளியாட்டம் பின்னாடி?" என்று கேட்டாள் கோகிலா. முன்னாடி வெயில் அடிக்கிறது என்று சொன்னேன். மணி ஆறரை.

இரண்டு நாளில் வாங்கிவிட வேண்டும்.

மே 12, ஞாயிறு

வாங்கவில்லை. நேற்று பார்த்ததில் துணி வியர்வையை உறிஞ்சாது.

சூலூரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவுக்கு மூத்தவர். அம்மா போன பிறகு எங்கள் இருவருக்கும் கேள்வி கேட்க இருக்கிற ஒரே ஆள். சீர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"நாற்காலியா?" என்றார்.

"நாற்காலி இல்லீங் பெரிம்மா. கார்ல கொழந்தை உக்கார்றது."

"அதையுந்தான் நாற்காலிங்கறாங்க. ஏஞ் சம்பத்து, காங்கேயத்துல மாப்பிள்ளை வீட்டுச் சனமெல்லாம் வந்து நிக்கும். மாமன் சீருன்னு தட்டுல தங்கம் மின்னோணும். நீ நாற்காலியத் தூக்கிட்டுப் போயி நிப்பயா? அதுலயும் கொழந்தைய வாருல கட்டிப் போடோணுமாமே. நம்ம மடியெல்லாம் எதுக்கு இருக்குது?"

எனக்கும் ஒரு நிமிடம் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கோகிலா விடவில்லை. "பெரிம்மா, மலையில நா ஒருத்தி ஓட்டறப்ப யாரு மடியக் கொண்டுட்டுப் போறது? உங்க மடிய அனுப்பறீங்களா?"

பெரியம்மாவுக்கு மலை ஏறினாலே வாந்தி வரும். பேச்சை மாற்றிவிட்டார். காது குத்தும் தோடு மட்டும் தங்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று முடிவானது. அது ஏற்கெனவே என் பீரோவில் இருக்கிறது. பூவிழி பிறந்த வாரமே வாங்கியது.

மே 14, செவ்வாய்

இன்று பார்த்தது நல்ல சீட்டுதான். ஒத்துக்கொள்கிறேன். பூட்டு சரி, வார் சரி, துணி சரி. கோகிலாவின் காரில் பின்சீட்டு இடுக்கில் இருக்கிற கம்பிகளில் கச்சிதமாகப் போய் மாட்டிக்கொண்டது. சுகன்யா கும்பிடப்போன சாமி குறுக்கே வந்த மாதிரி சிரித்தாள். நான் கீழே குனிந்து பார்த்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் கோணலாக இருக்கிறது என்றேன்.

கோகிலா எனக்கு முன்னால் காருக்குப் போய்விட்டாள். சாவியைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, உனக்குச் சீட்டு புடிக்கலையா, நாங்க போறது புடிக்கலையா?"

என்ன கேள்வி இது? அவள் போவதில் எனக்கென்ன கஷ்டம்? நிம்மதியாகத் தூங்கலாம். காலையில் மாடிப்படியில் நின்று யாரும் "மாமா, மாமா" என்று கத்த மாட்டார்கள். செருப்பை எடுத்துத் தொட்டிக்குள் போட மாட்டார்கள். என் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. டிவியில் பொம்மைப் படம் ஓடாது, நிதானமாகச் செய்தி பார்க்கலாம். அப்படித்தான் அவளிடம் சொன்னேன். அவள் "சரி" என்றாள். காரை ஸ்டார்ட் பண்ணினாள்.

ராத்திரி தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். கழுவ வேண்டிய அளவுக்கு அழுக்கும் இல்லை.

மே 15, புதன்

காலையில் சுகன்யாவுக்கு ஃபோன் செய்து அந்தச் சீட்டையே அனுப்பச் சொல்லிவிட்டேன். ஸ்டிக்கர் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன்.

மே 18, சனி

சீட்டு வந்தது. அட்டைப்பெட்டி கோகிலாவின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பூவிழிக்குப் பெட்டியை ரொம்பப் பிடித்துவிட்டது. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக அரை நாள். சீட்டை ஹாலில் வைத்தோம். அதில் கரடி பொம்மையை உட்காரவைத்தாள், இட்லிச் சட்டியை உட்காரவைத்தாள், என் ஹெல்மெட்டை உட்காரவைத்தாள். "பாப்பா உக்காரு" என்றால் மட்டும் "நோ நோ நோ."

எனக்குச் சீட்டைப் பார்க்கப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. வாரை இழுத்தால் பால் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. நன்றாகச் செய்திருக்கிறான்.

மே 19, ஞாயிறு

காரில் மாட்டினோம். பின்பக்கம் பார்த்து. இடம் போதவில்லை என்று பின்சீட்டின் தலைச்சாய்வைக் கழற்றிப் பீரோ மேல் போட்டேன்.

குழந்தைக்குத் துணையாக நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பலகை மாதிரி விறைத்தவளை எப்படியோ மடக்கி, வாரைப் போட்டு, தெருமுனை வரை போனோம். ஒரு விரல் நீட்டி என் மடியைக் காட்டிக்கொண்டு, "மதி! மதி!" என்று அழுதாள். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் கோகிலாவே காரை நிறுத்தினாள். நான் அவிழ்த்துத் தூக்கிக்கொண்டேன். அவ்வளவுதான், அழுகை நின்றது. கன்னத்தில் கண்ணீர் இருக்கும்போதே ஆட்டுக்குட்டியைக் காட்டிச் சிரிக்கிறாள்.

"ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா பழகியிருப்பாளல்ல?" என்றாள் கோகிலா.

"மூச்சு முட்டற மாதிரி அழுதா பாவம்" என்றேன்.

மே 22, புதன்

திங்களன்று நான் முன்சீட்டில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வந்தேன். பூவிழி கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன், அவள் பின்பக்கம் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகத்தான் போனது. இருமிவிட்டேன். "மாமா! மதி!" என்று ஆரம்பித்துவிட்டாள்.

நேற்று நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். அவர்கள் இருவர் மட்டும். கேட்டைத் தாண்டும் முன்பே அழுகுரல். நான் எப்படிக் காருக்குப் பக்கத்தில் போனேன், எப்படிப் பூட்டை அவிழ்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்று சாயங்காலம் அவள் பாங்க் லெட்டரை டைனிங் டேபிளில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "திங்கக்கிழமை எழுதிக் குடுத்தர்றேண்ணா. பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மேல்படிப்புக்கு வெளியூரில் இடம் கிடைத்தும் அப்பா அனுப்ப மறுத்த அன்று இதே சிரிப்பைச் சிரித்தாள்.

சீட்டை இன்னொரு முறை அடியிலிருந்து மேல்வரை பரிசோதித்தேன். சீட்டில் ஒரு குறையும் இல்லை. குறை நான்தான்.

மே 26, ஞாயிறு

இன்று நடந்ததை எல்லாம் ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தினகரன் வீட்டுக் குலதெய்வக் கோயில். அவர் கப்பலில் இருப்பதால் ஃபோனில் வீடியோவாக வந்திருந்தார். சீட்டைச் சீராகக் கொடுக்க வேண்டுமே, நேற்றே காரிலிருந்து கழற்றி, துடைத்து, மாலை போட்டு, பின்சீட்டில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தோம். பெரியம்மா வழியெல்லாம் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் இடம் இல்லாததால் பூவிழி மறுபடி முன்சீட்டில் என் மடியில். கார் மோதுகிற அந்த வீடியோவைப் பார்த்தவன் நான். கோகிலாவை நாற்பதைத் தாண்டவிடவில்லை. டிராக்டர் எங்களை முந்திப் போனது.

கோயில் எல்லையில் நாதஸ்வரமும் தவிலும் எங்களை எதிர்கொண்டன. தேங்காய், பழம், துணி, தோடு எல்லாம் தட்டுத் தட்டாக முன்னே போயின. சீட்டு எந்தத் தட்டிலும் அடங்காது. துண்டைச் சும்மாடு கட்டி என் தலையில் வைத்துக்கொண்டேன். பிரீமியம் சீட்டின் கனம் கழுத்துக்குத்தான் தெரியும். தினகரனின் சித்தப்பா ஒருவர் கிட்டே வந்து, "ஏனுங் மாப்ளே, இது தாய்மாமன் உக்கார்ற சிம்மாசனமுங்களா?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. ஃபோனுக்குள் தினகரனும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து, தலையில் இருந்தது ஆடியது.

முதலில் மொட்டை. என் மடியில் உட்காரவைத்து அடித்தார்கள். பூவிழி கம்மென்று இருந்தாள். தலையில் தண்ணீர் வழிந்தது அவளுக்கு வேடிக்கை. சந்தனம் பூசினார்கள். மாமன் மடியில் இருக்கிற தைரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஆசாரி வந்து எதிரில் உட்கார்ந்தார். "மாமனுங், தலைய அசையாமக் கெட்டியாப் புடிச்சுக்கோங்" என்றார். ஒரு கையால் அவள் நெற்றியை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். இன்னொரு கையால் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். இடது காதில் குத்தினார்.

அவள் உடனே அழவில்லை. தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். குத்தியவரைப் பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்த என்னைத்தான் பார்த்தாள். 'நீயா?' என்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அழுகை. எனக்கு விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. "அப்படியே புடிச்சுக்கோங், இன்னொண்ணு இருக்குதுங்" என்றார் ஆசாரி. மறுபடி கெட்டியாகப் பிடித்தேன். அந்தக் காதும் முடிந்தது.

கையை எடுத்த உடனே மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். நான் கையை நீட்டினேன். "மாமா வேணா!" என்றாள். கோகிலா தூக்க வந்தாள். அவளும் வேண்டாமாம். ஆசாரி முறுக்கைக் காட்டினார், அவர் சுத்தமாக வேண்டாம். பிடிக்க வருகிற கை யாருடையதாக இருந்தாலும் வேண்டாம். மொட்டைத் தலையும் சந்தனமும் கண்ணீருமாகக் கூட்டத்துக்கு நடுவே ஓர் இடம் தேடி நடந்தாள். சீர்த் தட்டுகளுக்குப் பக்கத்தில் சீட்டு இருந்தது. அதற்குக் கை கிடையாது. ஏறினாள். திரும்பினாள். உட்கார்ந்துகொண்டாள். மாலையை இழுத்துத் தன் காலில் போட்டுக்கொண்டு, தேம்பிக்கொண்டே எங்கள் எல்லோரையும் முறைத்தாள்.

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பெரியம்மாதான் முதலில் பேசினார். "அட அம்மிணி! சீரு குடுத்து முடியறதுக்குள்ள ஏறி உக்காந்துட்டாளே!" கூட்டம் ஓவென்று சிரித்தது. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

கிளம்பும்போது சீட்டைக் காரில் மாட்ட வேண்டுமே, கீழே இறங்கவே மாட்டேன் என்றாள். கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்து ஒரு நிமிடம் இறக்கினோம். நான் கம்பிகளில் மாட்டி, ஆட்டிப் பார்த்து, நிமிரும் முன்பே "பாப்பா சீட்டு" என்று பக்கத்தில் வந்து நின்றாள். வாரைப் போட்டேன். விறைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

பல்லடம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். கோகிலா மெதுவாகத்தான் ஓட்டினாள், ஆனால் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். நான் முன்சீட்டில். மடியில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. தேங்காய்ப் பையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மே 27, திங்கள்

கோகிலா எழுதிக் கொடுத்துவிட்டாள். சேருகிறேன் என்று. சாயங்காலம் மறுபடி மைசூர்பாகு. இந்த முறை வாயில் போட்டதும் கரைந்தது. இருந்தாலும் ஒரு துண்டோடு டப்பாவை மூடிவிட்டேன்.

மே 30, வியாழன்

காலையில் காரில் பூவிழி தானாகவே ஏறுகிறாள். காப்பகம் வரை பாட்டு. சீட்டோடு அப்படி ஓர் உறவு.

என் மடிக்கு மட்டும் வருவதில்லை. பிஸ்கட் கொடுத்தால் கையை நீட்டி வாங்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று தின்கிறாள். பொம்மைப் படம் போட்டால் கோகிலாவின் பக்கம் உட்காருகிறாள். நான் கிட்டே போனால் இரண்டு கையாலும் காதை மூடிக்கொள்கிறாள். காது ஆறி வருகிறது. தோடு அழகாக நிற்கிறது.

நான் ஆசைப்பட்டதுதான் நடந்திருக்கிறது. அவள் என் மடி இல்லாமல் உட்கார வேண்டும், அவள் அம்மா மேலாளராகப் போக வேண்டும். எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. எனக்குத்தான் அழுகையாக வருகிறது. இதை இங்கே எழுதாமல் யாரிடம் சொல்வது? போகவே வேண்டாம் என்றுதான் இத்தனை நாளும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அது கோகிலாவுக்கும் தெரியும்.

மாடியில் சாமான் கட்டுகிறார்கள். நான் டேப் ஒட்டிக் கொடுக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

சாமான்கள் நேற்றே வேனில் போய்விட்டன. இன்று காலை அவர்கள் இருவரும் கிளம்ப வேண்டும். கூட வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லண்ணா. நானும் அவளும் மட்டும் போய்ப் பாக்கோணும். நாளையிலிருந்து அப்படித்தான" என்றாள் கோகிலா. அவள் சொன்னது சரி.

மாடிப்படியின் கடைசிப் படியில் லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்று சொல்ல முடியாது, பிடித்துக்கொண்டிருந்தேன். பூவிழி ஒவ்வொரு படியாக இறங்கிவந்தாள். புதுக் கவுன். மொட்டையில் கொஞ்சம் முடி எட்டிப் பார்க்கிறது. என் முன்னால் வந்து நின்று என் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். என் காதில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியம். அப்புறம் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்காமலே ரிவர்ஸில் வந்து, தொப்பென்று என் மடியில் உட்கார்ந்தாள்.

பேப்பர் கீழே விழுந்தது. ஒரு வாரம். அந்த மொட்டைத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டேன். உலகத்தில் எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்தால் எதிரில் கோகிலா சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. எனக்குப் புரிந்தது. மடி மறுபடி கிடைத்துவிட்டது. இனிமேல் சீட்டில் உட்காருவாளா?

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'இன்னிக்கு வேண்டாம், கொழந்தை ஏங்கிப் போயிருக்குது, ரெண்டு நாள் கழிச்சுப் போ' என்று. அவள் கேட்டிருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

பூவிழியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நேராகக் காருக்குப் போனேன். பின்கதவைத் திறந்து நானே அவளைச் சீட்டில் உட்காரவைத்தேன். விறைத்துக்கொண்டாள், பலகை மாதிரி. கீழுதடு துடித்தது.

"மாமா மதி" என்றாள்.

"கண்ணு, மாமன் மடி எங்கயும் போகாது. இங்கயேதான் இருக்கும். நீ எப்ப வந்தாலும் உக்காந்துக்கலாம். கார்ல மட்டும் இது பாப்பா சீட்டு. நீ உக்காந்தாத்தான் அம்மா ஆபீசுக்குப் போவா."

அவளுக்கு என்ன புரிந்ததோ. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த முறை நான் கெட்டியாகப் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவளே இடுப்பை மடக்கினாள். அவளே ஒரு கையை வாருக்குள் நுழைத்தாள். இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள், நுழைத்துவிடு என்று. நுழைத்துவிட்டேன். பூட்டினேன். நிமிர்ந்தபோது கோகிலா என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "போதும் போ, லேட்டாச்சு" என்றேன்.

கார் கிளம்பியது. கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். ஒரு காரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் பின்கண்ணாடியில் அவள் முகம். என்னையே பார்த்துக்கொண்டு போகிறாள். கண்ணும் மொட்டையும் இரண்டு தோடும் அப்படியே தெரிகின்றன. கையை ஆட்டுகிறாள். நானும் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே நடந்தேன். நடந்துகொண்டே ஓடினேன். நாற்பத்தோரு வயதில், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் எல்லோரும் பார்க்க. நான் ஓட ஓட அவளுக்குச் சிரிப்பு. அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு ஓட்டம்.

தெருமுனையில் கார் நின்றது. கோகிலா கண்ணாடியை இறக்கி, பதற்றமாகத் தலையை நீட்டினாள்.

"என்னண்ணா? என்னத்த மறந்துட்டுப் போறேன்?"

"ஒண்ணுமில்ல" என்றேன். மூச்சு வாங்கியது. "வாரு சரியா இருக்குதான்னு பாக்க வந்தேன்."

"சரியா இருக்குதா?"

எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒருத்தி என் ஓட்டத்தை நினைத்து நினைத்து, கையைத் தட்டிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாஞ் சரியா இருக்குது, நீ போ" என்றேன்.